யாரும் வராத வெள்ளிக்கிழமை

கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாடெல்லாம் ஓய்ந்து, ஈப்போ நகரம் பழையபடி ஓடத் தொடங்கியிருந்த நேரத்தில் நடந்தது இது. நான் இங்கே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். காலையிலிருந்து மாலைவரை பிறருடைய சண்டைகளைத் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. சண்டை தீர்ந்தபின் எழுதும் சமரச ஒப்பந்தங்களையும் எத்தனையோ அடித்திருக்கிறேன். ஆனால் எனக்கு நெருக்கமான இரண்டு பேர் மோதிக்கொண்டபோது அந்த அனுபவம் எதற்கும் உதவவில்லை.

பேராக் மாநிலத்தில் பழைய ரப்பர் தோட்டங்களை ஒட்டி இன்னமும் நம் குடும்பங்கள் இருக்கின்றன. பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் டவுனுக்குப் போய்விட்டார்கள். போக இடமில்லாதவர்கள் மட்டும் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் தங்கிவிட்டார்கள். அவர்களில் சிறுநீரகம் பழுதானவர்கள் நிறையப் பேர். வாரத்தில் மூன்று நாள் டவுனுக்கு வந்து இரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். பேருந்து கிடையாது. வாடகைக் கார் கட்டுப்படியாகாது. அதனால் சொந்தக் கார் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து, இன்னாரை இன்னார் ஏற்றிக்கொண்டு வருவது என்று முறைபோட்டு இலவசமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஈப்போவிலேயே புந்தோங் பகுதியில் ஒரு தம்பி. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவருடைய அப்பாவும் இரத்தம் கழுவப் போகிறவர்தான். யார் யாரை ஏற்றுவது என்பதைத் தொலைபேசியில் கத்திக் கத்திச் சொல்வதற்குப் பதிலாக ஒரு கணினி நிரல் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. வேலைக்குப் போய்வந்த மிச்ச நேரத்தில் தானாகவே கற்றுக்கொண்டு எழுதத் தொடங்கினார். அது தைப்பிங்கில் இருந்த ஓர் அண்ணன் கண்ணில் பட்டது. அவர் கணினிப் பொறியாளர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், நிறையப் படித்தவர். அந்த நிரலை முழுவதும் பிரித்துப்போட்டு, உறுதியாகத் திரும்பக் கட்டிக்கொடுத்தார். ஆக, யோசனை ஒருவருடையது, அஸ்திவாரம் மற்றவருடையது. பின்னால் ஆளுக்கொரு பக்கம் “இது என்னுடையது” என்று நினைத்ததில் வியப்பே இல்லை.

மூன்றாவது ஆள் நான். ஓட்டுநர்களும் நோயாளிகளும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழிலும் மலாயிலும் விளக்கம் எழுதினேன். உதவிக்கு என்று அதன் கீழே என் கைப்பேசி எண்ணைப் போட்டிருந்தோம்.

எங்களுடையது திறமூல மென்பொருள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனால் வந்த திருத்தத்தை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யும் உரிமை சிலரிடம்தான் இருக்கும். அதை நாங்கள் சாவி என்போம். சாவி எங்கள் மூவரிடமும் இருந்தது. யாருக்கும் சம்பளம் கிடையாது. யாருக்கும் யாரும் மேலதிகாரி கிடையாது. அது அப்போது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல்வது முடிவு என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று ஒருமுறை கேட்டேன். அலுவலகப் புத்தி. “நமக்குள்ள என்னக்கா சண்டை வரப்போவுது லா” என்று புந்தோங் தம்பி சிரித்தார். தைப்பிங் அண்ணனும் சிரித்தார். பிறகு நானும் அதை மறந்துவிட்டேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தம்பி எழுதி அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தையும் அண்ணன் பொறுமையாகப் படித்து, இங்கே இப்படி எழுதினால் பின்னால் சிக்கல் வராது என்று சொல்லிக்கொடுப்பார். தம்பி “சரிண்ணே” என்று திருத்துவார். வெளிநாட்டில் ஒரு மருத்துவமனைக் குழுகூட எங்கள் நிரலை எடுத்துத் தங்கள் ஊரில் பயன்படுத்த ஆரம்பித்தது. அந்தச் செய்தி வந்த அன்று தம்பி என் அலுவலகத்துக்கே வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

சண்டை ஒரு சின்னத் திருத்தத்தில் ஆரம்பித்தது. ஒரு நாள் ஓர் ஓட்டுநருடைய கார் நடுவழியில் நின்றுவிட்டது. எங்கள் நிரலில் நோயாளியின் முகவரியும் எண்ணும் அவருக்கென்று ஒதுக்கிய ஓட்டுநருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்திலேயே இன்னோர் ஓட்டுநர் வண்டியோடு சும்மா இருந்தும், அவருக்கு விஷயம் தெரியவில்லை. நோயாளி காத்துக் காத்து மிகவும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். இனி எல்லா ஓட்டுநர்களுக்கும் எல்லா நோயாளிகளின் விவரமும் தெரியவேண்டும் என்று தம்பி ஒரு திருத்தம் எழுதினார். அண்ணன் மறுத்தார். அதற்கும் காரணம் இருந்தது. முன்பு இப்படி விவரம் வெளியே போய், யாரோ ஒரு மருந்து வியாபாரி நோயாளிகளை ஒவ்வொருவராக அழைத்து, மெஷினே வேண்டாம், எங்கள் மூலிகைப் பொடியே போதும் என்று சொல்லியிருக்கிறான். அதை நம்பி ஒருவர் சிகிச்சையையே நிறுத்திவிட்டார். அவரைத் திரும்ப அழைத்து வருவதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

இருவர் சொன்னதும் சரி. அதுதான் கொடுமை. ஒருவர் தவறாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

அண்ணன் கோலாலம்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் தம்பி தன் சாவியைப் போட்டுத் தன் திருத்தத்தைத் தானே சேர்த்துவிட்டார். திரும்பி வந்த அண்ணன் அதை நீக்கினார். தம்பி மறுபடி சேர்த்தார். அண்ணன் மறுபடி நீக்கினார். இதெல்லாம் எல்லோரும் பார்க்கும் பொதுப்பக்கத்தில் நடந்தது. கீழே விவாதம் நீண்டுகொண்டே போனது. எங்கள் ஊரையே பார்த்திராத ஆட்கள் வந்து பக்கம் பிரிந்துகொண்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆசையாக அவ்வப்போது திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு மாணவி, “உங்கள் சண்டை முடிந்ததும் சொல்லுங்கள், வருகிறேன்” என்று எழுதிவிட்டுப் போனவர்தான். பிறகு வரவேயில்லை.

எனக்கு அதிகமாக உறைத்தது வேறொன்று. “அண்ணே” என்று எழுதிக்கொண்டிருந்த தம்பி “சார்” என்று எழுத ஆரம்பித்தார். “தம்பி” என்று எழுதிக்கொண்டிருந்த அண்ணன் எந்த விளியும் இல்லாமல் எழுத ஆரம்பித்தார். அலுவலகத்தில் இப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மரியாதை கூடக் கூட உறவு முறிந்துகொண்டே வரும்.

இருவரும் தனித்தனியாக என்னை அழைத்தார்கள். மூன்று சாவியில் என்னுடையது ஒன்று. நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முடிவு வந்துவிடும். ஆனால் தோற்றவர் போய்விடுவார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால் ஒரு நடுவழி யோசித்தேன். வழக்கமாக ஒதுக்கிய ஓட்டுநருக்கு மட்டுமே விவரம் தெரியட்டும். அவர் வர இயலாது என்று அழுத்தினாலோ, குறித்த நேரத்துக்குள் கிளம்பாவிட்டாலோ, அன்று ஒரு நாளைக்கு மட்டும் அருகிலிருக்கும் ஓட்டுநர்களுக்கு அது திறக்கட்டும். இருவருமே உடனே மறுக்கவில்லை. நேரில் பேசலாம் என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஈப்போவில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் கூடினோம். தைப்பிங்கிலிருந்து மழையிலேயே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார் அண்ணன். தம்பி ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்தார். முதலில் இருவரும் என்னைப் பார்த்தே பேசினார்கள். சோறு போட்ட பிறகு அண்ணன்தான் ஆரம்பித்தார்.

“அப்பா எப்படி இருக்கிறார்?”

“இருக்காருண்ணே. போன வாரம் கையில ஊசி ஏத்த முடியாம ரொம்பக் கஷ்டப்பட்டாரு.”

அந்த “அண்ணே” காதில் விழுந்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாம்பாரை மறந்து வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நான் சொன்ன நடுவழிக்கு இருவரும் தலையாட்டினார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்றே நினைத்தேன்.

அதை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தது. “நானே எழுதிடுறேன்” என்றார் தம்பி.

“வேண்டாம், நான் எழுதுறன்” என்றார் அண்ணன். குரலில் கோபமே இல்லை. களைப்புதான் இருந்தது. “இது அடிப்படை படிச்சுக்கொண்டு வந்த ஆக்கள் எழுதுற வேலை. நீங்கள் எழுதினா, பிறகு நான் இருந்து கூட்டிப் பெருக்க வேணும்.”

தம்பி கையை இலையில் அப்படியே வைத்தார்.

“எங்க தாத்தாவுக்குப் பெரட்டுல பேர் போட்டது உங்க தாத்தா மாதிரி ஒரு கிராணிதான். இப்பவும் நீங்கதான் எங்களுக்குப் பேர் போடணுமா, சார்?”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தி வருகை குறிப்பதைப் பெரட்டு என்பார்கள். குறிப்பவர் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த படித்தவர்கள் பலர் அந்த வேலையில் இருந்தார்கள். பேர் போட்டால் அன்று கூலி உண்டு, போடாவிட்டால் இல்லை. தலைமுறைகள் போயும் அந்தச் சொல்லின் சூடு இங்கே ஆறவில்லை.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “என்ர தாத்தா ரயில்வேயில வேலை செய்தவர்” என்று மிக மெதுவாகச் சொன்னார். எழுந்தார். கை கழுவினார். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி, “தங்கச்சி, நனையாதீங்கோ, உள்ள போங்கோ” என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது தம்பி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. “நான் சொன்னது தப்பாக்கா?” என்று கேட்டார். அவர் சொன்னது தப்புத்தான். ஆனால் அண்ணன் சொன்னதை நானும் கேட்டேனே. இலையை மடித்துவிட்டுப் பணம் கட்ட எழுந்தேன்.

அன்று மாலையே அண்ணன், பொதுப்பக்கம் தன் பெயரில் இருந்ததால், தம்பியின் சாவியைப் பறித்துவிட்டார். இரண்டொரு நாளில் தம்பி மொத்த நிரலையும் படி எடுத்து, வேறு பெயர் வைத்துத் தனியாக நடத்த ஆரம்பித்தார். திறமூல மென்பொருளில் இது குற்றமில்லை, எவருக்கும் உள்ள உரிமை. கிளை பிரிப்பது என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஓட்டுநர்களில் பாதிப்பேர் தம்பியோடு போனார்கள், மீதிப்பேர் அண்ணனிடம் இருந்தார்கள்.

ஒரே ஒரு தடவை, அரைமணி நேரம், மூவரும் தொலைபேசியில் உட்கார்ந்து எந்த நோயாளி யார் பொறுப்பு என்று பெயர் பெயராகப் பிரித்துக்கொள்ளலாம் என்று இருவரிடமும் கெஞ்சினேன். மூவரும் சேர்ந்து பேச வேண்டாம், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள் இருவரும். இங்கே கேட்டதை அங்கே சொல்லி, அங்கே கேட்டதை இங்கே சொல்லி, அலுவலக வேலைக்கு நடுவே நான் ஒரு தபால்காரியாக ஆனேன்.

பத்து காஜா என்ற ஊரைத் தாண்டி ஒரு பழைய தோட்டம். அங்கே லயத்தில் ஓர் அம்மா தனியாக இருந்தார். முன்பு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். கணவர் இல்லை, மகள் ஜொகூரில் தொழிற்சாலை வேலை. திங்கள், புதன், வெள்ளி அவருக்குச் சிகிச்சை. அவரை ஏற்றிவந்த ஓட்டுநர், லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், ஒரு வியாழக்கிழமை தம்பியின் புது நிரலுக்கு மாறிக்கொண்டார். பழையதைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டார். அந்த அம்மாவின் பெயரோ பழைய நிரலிலேயே, அந்தப் பெரியவருக்கு நேராகவே இருந்தது. அம்மாவும் புதியதற்கு வந்துவிட்டார் என்று அண்ணன் நினைத்திருந்தார். பழையதிலேயே இருக்கிறார் என்று தம்பி நினைத்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துச் சந்திக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார் அந்த அம்மா. வெயில் ஏறியிருக்கிறது. வண்டி வரவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்ப வீட்டுக்கு நடந்திருக்கிறார். சிகிச்சை நிலையத்திலிருந்து அவருடைய கைப்பேசிக்கு அழைத்தார்களாம். லயத்துக்குள் சிக்னல் கிடைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் புந்தோங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“ஹலோ, ரத்தம் கழுவப் போற வண்டி நம்பருங்களா? இங்க தோட்டத்துச் சந்தியிலருந்து பேசுறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூச்சு வாங்குது. படுக்கக்கூட முடியல. வெள்ளிக்கிழம வண்டி வரலைங்க.”

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொன்னோம், வழி கேட்டார்கள், இன்னும் காணோம் என்றார் அந்தப் பெண். மீனை அப்படியே கடையில் போட்டுவிட்டுக் காரை எடுத்தேன். பத்து காஜா வந்து, அதைத் தாண்டி, செம்பனைக்கு நடுவே மண்சாலையில் போனேன். நானும் இரண்டு முறை வழி தவறினேன். இத்தனைக்கும் அந்த வீட்டுக்குப் போகும் வழியை ஓட்டுநருக்காக நிரலில் எழுதியவளே நான்தான். அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதியது, நேரில் போனதில்லை.

வாசற்படியில் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கதவு நிலையைக் கையால் பிடித்திருந்தார். கால் இரண்டும் வீங்கி மினுமினுவென்று இருந்தன. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் சேர்ந்து தூக்கிக் காரில் உட்காரவைத்தோம். ஆம்புலன்ஸ் அப்போதும் வந்திருக்கவில்லை.

வழியெல்லாம் நான் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன். பேச்சு நின்றால் அவர் மூச்சும் நின்றுவிடும் என்று பயம். வண்டி வரவில்லை என்றால் ஓர் அழைப்புக் கொடுத்திருக்கலாமே அம்மா என்று கேட்டுவிட்டேன்.

“தர்மத்துக்கு வர்ற வண்டிமா…” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஏன் வரலன்னு… எப்படிக் கேக்குறது? அவங்களுக்கும் வேல இருக்கும்லா.” கொஞ்ச தூரம் போனபின், “ஞாயித்துக்கிழம… உன் வேலயக் கெடுத்துட்டேன்மா” என்றார்.

மருத்துவமனையில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது, இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். அவசரமாக மெஷினில் போட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஓட்டுநர் பெரியவரை அழைத்தேன். “எனக்கு அன்னிக்கு ட்ரிப்பே காட்டலையேமா, வேற ஆள் போவாங்கன்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு தம்பியை அழைத்தேன். பிறகு அண்ணனை. இருவருமே கேட்ட முதல் கேள்வி, இப்போது எப்படி இருக்கிறார் என்பதுதான். அதை நான் மறைக்கக் கூடாது. அவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை.

மறுநாள் நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில் இருவருமே வந்தார்கள், சொல்லிவைக்காமல். தம்பி வார்டிலிருந்து வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருந்தார். லிஃப்ட் திறந்தது. உள்ளே அண்ணன். நான் சற்றுத் தள்ளித் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது ஒரு வார்த்தை வரும், இவ்வளவு நடந்த பிறகு வராமல் இருக்குமா என்று நினைத்தேன். மனசுக்குள் வேண்டவும் வேண்டினேன். அண்ணன் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார். தம்பி சுவரில் ஓடும் மாடி எண்ணைப் பார்த்தபடி உள்ளே போனார். ஒருவர் தோளில் ஒருவர் உரசாமல் இருக்க இருவரும் உடம்பைச் சற்றுத் திருப்பிக்கொண்டார்கள். கதவு மூடிக்கொண்டது.

அண்ணன் வார்டின் கோடியிலேயே நின்று அந்த அம்மா தூங்குவதைப் பார்த்தார். கிட்டே போகவில்லை. போகும்போது என்னிடம், “இதுக்குத்தான் பிரிக்கக்கூடாது எண்டு சொன்னனான்” என்றார்.

தம்பியும் அதற்குச் சற்று முன்புதான் என்னிடம் சொல்லியிருந்தார்: “எல்லாருக்கும் வெவரம் தெரிஞ்சிருந்தா யாராச்சும் ஒருத்தர் போயிருப்பாங்கக்கா. அதத்தான நான் கத்துனேன்.”

அடுத்த நாள் அலுவலகத்தில் கணினியைத் திறந்தேன். பொதுப்பக்கத்தில் இருவரும் ஆளுக்கொரு நீண்ட பதிவு எழுதியிருந்தார்கள். “அண்மையில் ஒரு நோயாளி” என்று ஒருவர் ஆரம்பித்திருந்தார். “அண்மையில் நிகழ்ந்த ஒரு சம்பவம்” என்று மற்றவர். இரண்டையும் முழுதாகப் படித்தேன். தர்க்கம் சுத்தமாக இருந்தது. ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே அம்மா, ஒரே வெயில். அதிலிருந்து ஒருவர் தான் சொன்னதே சரி என்று நிறுவியிருந்தார், மற்றவரும் தான் சொன்னதே சரி என்று நிறுவியிருந்தார். கீழே வழக்கம்போல ஆட்கள் வந்து பக்கம் பிரிந்துகொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காரோட்டும்போதுகூட எனக்கு அழுகை வரவில்லை. அப்போதுதான் வந்தது. ஓர் உயிர் போகப்பார்த்தும் இவர்கள் சேரவில்லை என்றால், இனி எதுதான் சேர்க்கும்?

நானும் ஒரு வரி எழுதினேன்: “அந்த அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்.” யாரோ ஒருவர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தி ஒரு குறி போட்டுவிட்டுப் போனார். வேறு பதில் வரவில்லை.

அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு தோட்டத்தில் தனியாக இருக்கப் பயந்துபோனார். மகள் வந்து, சிகிச்சை நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். வளர்த்த கோழிகளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு வந்தார். பிறந்ததிலிருந்து அந்த லயத்தை விட்டு வேறெங்கும் இருந்ததில்லை. இல்லத்துக்கு நான் பார்க்கப் போயிருந்தபோது, அன்று வண்டி ஏன் வரவில்லை என்று முதல்முறையாகக் கேட்டார். மறைக்க மனம் வரவில்லை. இரண்டு பேருக்குள் நடந்ததை எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

“ரெண்டு பேரும் கெட்டவங்களாம்மா?”

“இல்லைங்கம்மா. ரெண்டு பேருமே நல்லவங்க.”

“உங்களுக்கெல்லாம் இதுல சம்பளமும் இல்லதானே?”

“இல்லைங்கம்மா.”

“அப்புறம் எதுக்கும்மா சண்ட?”

குற்றம் சொல்லும் குரல் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். ஜன்னல் பக்கம் யாரோ தொலைக்காட்சியைப் போட்டார்கள். அதைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அண்ணன் பழைய நிரலின் பக்கத்தைப் பூட்டிவிட்டார். இனிப் பராமரிப்பு இல்லை என்று மட்டும் எழுதியிருந்தார். தம்பி தனியாளாகச் சில மாதம் இழுத்தார். ஷிப்ட் மாறியது, அப்பாவுக்கு உடம்பு மோசமானது, அதுவும் நின்றது. ஓட்டுநர்கள் இப்போது வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்கிறார்கள். அதில் எல்லோருடைய விவரமும் எல்லோருக்கும் தெரிகிறது. அப்படியும் சில நாள் யாரையாவது ஏற்ற மறந்துவிடுகிறார்கள். அண்ணன் பயந்ததும் நடக்கிறது, தம்பி பயந்ததும் நடக்கிறது. எங்கள் நிரலை எடுத்துப் பயன்படுத்திய அந்த வெளிநாட்டு மருத்துவமனைக் குழு, ஏதோ பழுது என்று தம்பியின் பக்கத்தில் கேள்வி எழுதியிருந்தது. யாராவது இருக்கிறீர்களா என்று மறுபடியும் எழுதியிருந்தது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. தெரிந்த இருவருக்கும் அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது.

இருவரோடும் இன்னமும் எனக்குப் பேச்சு உண்டு. தீபாவளிக்கு இருவருமே வாழ்த்து அனுப்புவார்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் கேட்பதேயில்லை. அலுவலகத்தில் சமரச ஒப்பந்தம் அடிக்கும்போது, ‘இருதரப்பும் மனமொத்து’ என்ற இடம் வந்ததும் விரல் தானாக நின்றுவிடுகிறது. அந்த இரண்டு வார்த்தை எவ்வளவு அரிதென்று முன்பெல்லாம் எனக்குத் தெரியாது.

இப்போதும் நாலு பேர் கூடி ஒரு நல்ல காரியம் தொடங்குகிறோம் என்று வந்து சொன்னால் எனக்கு முதலில் வருவது மகிழ்ச்சி இல்லை, பயம்தான். இவர்கள் ஒருவரோடொருவர் முகம் திருப்பிக்கொள்ளும் அன்று, இதெல்லாம் ஒன்றும் தெரியாமல் எந்தச் சந்தியில் யார் வெயிலில் காத்திருக்கப்போகிறார்களோ என்று.